மழைப்பாடம்

எதிர்மலையில் மழை இறங்கினால் அது கண்ணுக்குத் தெரியும் முன்பே காதுக்கு வந்துவிடும். தேயிலைச் செடிகளின் மேல் சலசலப்பாகத் தொடங்கி, டர்பன்டைன் மரங்களைத் தாண்டி, எங்கள் பள்ளிக்கூடத்தின் தகரக் கூரையில் ஏறியதும் வேறெந்தச் சத்தத்தையும் அது விட்டுவைக்காது. இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், ஐந்தாம் வகுப்பு வரை மட்டுமே இருந்த பள்ளிக்கூடம் அது. ஒரே நீள மண்டபம். வகுப்புகளுக்கு நடுவே சுவர் கிடையாது. கூரையில் ஓட்டையில்லாத தகரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மழை பிடித்துக்கொண்டதும் ஆசிரியர் பேச்சை நிறுத்திவிடுவார். முன்வரிசைப் பிள்ளை எழுந்து போய் அவர் கையில் "சோக்கு"க் கட்டியைக் கொடுக்கும். பிறகு கேள்வி, கணக்கு, திட்டு எல்லாமே கரும்பலகையில்தான். நாங்கள் பார்த்து எழுதுவோம். விடை தெரிந்தவர் பலகைக்குப் போவார். இதற்கு "மழைப்பாடம்" என்று பெயர். மழை ஓயாத ஊரில், கவனமாக வாசிக்கவும் பிழையில்லாமல் எழுதவும் நாங்கள் கற்றது அப்படித்தான். இதை ஒரு பெருமையாகச் சொல்ல வரவில்லை. நல்ல கூரை இருந்திருந்தால் இன்னும் நன்றாகவே கற்றிருப்போம்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த வருடம், புலமைப்பரிசில் பரீட்சையில் எங்கள் பள்ளிக்கூடம் டவுன் பள்ளிக்கூடங்களை முந்திவிட்டது. பாராட்டு விழா நடக்கும் என்றும், அரசியல் பிரமுகர் ஒருவர் பிரதம அதிதியாக வருவார் என்றும் தகவல் வந்தது. "பெரிய சார்" என்று நாங்கள் அழைத்த பள்ளிக்கூடத்து அதிபர், பெற்றோரைக் கூட்டிச் சொன்னார்:

"கேடயம் கெடக்கட்டுங்க. வரவேற்புரையில கூரையக் கேட்டுப்புடுறேன். அத்தன சனத்துக்கு முன்னாடி முடியாதுன்னு சொல்லிருவாரா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். அதே கூட்டத்தில்தான், என் பக்கத்தில் உட்கார்ந்து படித்த செல்வியின் அம்மாவும் பேசினார்.

"வர்ற மனுசன் தலையில ஒழுகினா நமக்குத்தான கேவலம்? தீபாவளிச் சேலையெல்லாம் எடுத்துட்டு வாங்கடி."

அதற்கும் எல்லோரும் தலையாட்டினார்கள். கூரையைக் கேட்கப் போகிறவர்களே அதை மறைக்கவும் போகிறார்கள் என்பது அங்கே ஒருவருக்கும் உறைக்கவில்லை. பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் மேசைமேல் ஏறி, கூரைக்குக் கீழே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சேலைகளை இழுத்துக் கட்டினார்கள். பிரதம அதிதியின் நாற்காலிக்கு மேலே மட்டும் இரண்டு மடிப்பு. மண்டபம் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது.

மாலை, பொட்டு, பொன்னாடை எல்லாம் முடிந்தபின் பிரதம அதிதி அண்ணாந்து பார்த்தார். "டவுன்லகூட இப்படி இல்லையே. ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க" என்றார். பெரிய சார் பேச எழுந்தார். வந்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வரவேற்றார். அதற்கே நெடுநேரம் ஆனது. கூரையைப் பற்றிய பேச்சுக்கு அவர் வந்ததும் மழையும் வந்தது.

அவருடைய உதடுகள் அசைந்தன. பிரதம அதிதி ஒன்றும் கேட்காமலே புன்னகையோடு தலையசைத்துக்கொண்டிருந்தார். அப்போது முன்வரிசையிலிருந்து செல்வி எழுந்தாள். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்யவில்லை. மழை வந்தால் செய்கிற வேலை. நேராகப் போய்ப் பெரிய சாரிடம் சோக்கை நீட்டினாள்.

அவர் அதை வாங்கிக் கரும்பலகைப் பக்கம் திரும்பினார். மண்டபமே அவர் கையைப் பார்த்தது. சோக்கைப் பலகையில் வைத்தவர், ஓர் எழுத்தும் எழுதாமல் திரும்பி வந்து, சோக்கை இரண்டு கைகளாலும் பிரதம அதிதியிடம் கொடுத்துவிட்டார். அதுவும் தமக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்த அவர், மகிழ்ச்சியோடு எழுந்து, பலகை நிறைய "வாழ்த்துகள்" என்று எழுதினார். மழை நேரத்தில் பலகையில் இருப்பதை எழுத வேண்டும் அல்லவா? நாங்கள் கொப்பியைத் திறந்து எழுதிக்கொண்டோம். தண்ணீர் கோத்துச் சேலைகள் தொங்கின. பிரதம அதிதிமேல் மட்டும் ஒரு சொட்டு விழவில்லை.

கார் போனபின் செல்வியின் அம்மா கேட்டார். "ஏன் சார், கூரைன்னு ரெண்டெழுத்து. எழுத எம்புட்டு நேரமாகும்?"

"கூப்பிட்டு உக்கார வச்சவரு மூஞ்சிக்கு நேரா எப்படிம்மா எழுதுறது?" என்றார் பெரிய சார்.

பெரிய சார் இப்போது இல்லை. மழைப்பாடமும் இல்லை. மழையில் பாடம் காதில் விழுவதில்லை என்று எப்போதோ யாரோ சொன்னதற்கு, நன்கொடையாளர் ஒருவர் ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்தார். இப்போது மழை வந்தால் அதில் ஒரு வகுப்பின் பாடம் அலறுகிறது, மற்ற வகுப்புகள் சும்மா உட்கார்ந்திருக்கின்றன. அப்படியும் பிள்ளைகள் பரீட்சையில் சித்தியடைகிறார்கள், பாராட்டும் நிற்கவில்லை. வந்து சேர்ந்த கேடயங்களுக்குக் கண்ணாடி அலுமாரி செய்து, மண்டபத்தில் ஒழுகாத ஒரே மூலையில் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு மற்ற இடம்.

இந்த வருடமும் விழா நடந்தது. பழைய மாணவி என்று என்னையும் அழைத்திருந்தார்கள். அதே மலையில் கொழுந்தெடுக்கும் செல்வியின் மகள் சித்தியடைந்திருந்தாள். உள்ளே போனதும் அண்ணாந்து பார்த்தேன். ஒரு சேலைகூட இல்லை. செல்வி முந்தின நாளே லயம் லயமாக, வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தாளாம்: "யாரும் சேலை குடுக்காதீங்க. ஒழுகட்டும். வர்ற ஆளும் நனையட்டும்." பிரதம அதிதியின் நாற்காலியைப் பெரிய ஓட்டைக்கு நேர் கீழே அவளே இழுத்துப் போட்டிருந்தாள்.

அன்றைக்கென்று ஒரு தூறல்கூட இல்லை. பளீரென்ற வெயில். கூரை ஓட்டைகள் வழியாக இறங்கிய வெளிச்சம் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடையெங்கும் பொட்டுப் பொட்டாக விழுந்திருந்தது. பிரதம அதிதி அதைப் பார்த்து, "என்னா அழகு!" என்று கைபேசியை எடுத்தார். நான்கைந்து படம் பிடித்தார்.

செல்வி என் தோளை இடித்தாள்.

"ஏன்டி, அந்தப் படத்துல ஓட்டையும் விழுந்திருக்கும்ல?"