ட்ரங்குப் பெட்டிக்குள் ஒரு பாடம்

மனிதர்களுக்கு டாக்டராகும் அளவுக்கு எனக்கு மார்க் வராது என்பது பி.யு.சி. முதல் வருடத்திலேயே தெரிந்துபோயிற்று. மாட்டு டாக்டராக வேண்டும் என்ற ஆசை அதற்குப் பிறகு வந்ததுதான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருந்தால் போதும், மாட்டுக்கா மனுஷனுக்கா என்று யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்பது அன்றைய என் நினைப்பு. பதினாறு வருடம் மைசூரில் வளர்ந்த நான் ஒரு மாட்டையும் தொட்டதில்லை. எங்கள் தெருவில் தினமும் நாலு மாடுகள் படுத்திருக்கும். சைக்கிளில் அவற்றைச் சுற்றிக்கொண்டு போவதோடு சரி.

அப்பா ஒரு ஆலையில் ஃபிட்டர். அம்மா தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். இருவரும் சேர்ந்து என்னைத் தபால் வழி கோச்சிங் ஒன்றில் சேர்த்தார்கள். இப்போது பிள்ளைகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படிக்கிறார்களே, அது அந்த நாளில் தபால்காரர் பையில் வந்தது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை பழுப்பு உறையில் டைப் அடித்துப் பிரதி எடுத்த பாடங்கள். கூடவே ஒரு கேள்வித்தாள். ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ பதில் எழுதி அனுப்பினால் சிவப்பு மையில் திருத்தி அனுப்புவார்கள். உறையின் மேல் என் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். அந்தப் பெயரைப் பார்ப்பதற்காகவே வாசலில் காத்திருப்பேன்.

மூன்றாவது உறை வந்த வாரம் ஹனூரிலிருந்து பெரியப்பா மகள் வந்து சேர்ந்தாள். பெரியப்பா ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கும் மாட்டு டாக்டர் படிப்புதான் வேண்டுமாம். அங்கே வசதியில்லை, மைசூரில் எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கட்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். என்னைக் கேட்கவில்லை. என்னைவிட மூன்று மாதம் மூத்தவள். "அக்கான்னு கூப்பிடு" என்றாள் அம்மா. மூன்று மாதத்துக்கெல்லாம் அக்காவா? நான் 'ஏய்' என்றுதான் கூப்பிட்டேன். அவள் என்னை 'புள்ள' என்றாள்.

"சித்தப்பா, நானும் அந்தத் தபால் பாடத்துல சேந்துக்கட்டுங்களா?" என்று வந்த அன்றே கேட்டாள்.

"எதுக்கு ரெண்டு? ஒரு பாடத்தை ரெண்டு பேரு படிச்சா தேஞ்சா போயிடும்?" என்றார் அப்பா.

தேய்ந்துதான் போயிற்று, எனக்கு. உறை வந்ததும் பிரித்து முகர்ந்து பார்க்கும் சுகம் போனது. அவள் கன்னட மீடியம். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். ஒவ்வொரு வரிக்கும் நான் அர்த்தம் சொல்ல வேண்டும். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது, கொஞ்ச நாளைக்கு. நான் ஒரு தடவை சொன்னதை அவள் கன்னட எழுத்தில் தமிழாக எழுதிக்கொள்வாள். எங்கள் வீட்டில் மளிகைச் சீட்டுகூட அப்படித்தான். பேசுவது தமிழ், எழுத்து கன்னடம். மறுநாள் காலையில் அந்தக் குறிப்பைப் பார்க்காமலே முழுப் பாடத்தையும் ஒப்பிப்பாள். நானோ நாலு முறை படித்தும் அசைபோடும் விலங்கின் நான்கு வயிறுகளை வரிசை மாற்றிச் சொல்வேன்.

"மாடு அசபோடறத நீ பாத்ததே இல்லியா புள்ள?" என்று ஒருநாள் கேட்டாள். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டாள். அதுதான் எரிச்சல்.

தை மாதத்தில் எனக்கு அம்மை போட்டது. கேள்வித்தாளுக்குக் கெடு நெருங்கியிருந்தது. "அவ எழுதி உன் பேருல போட்டுடட்டும்" என்று அம்மா சொல்லிவிட்டாள். வேப்பிலைக்கு நடுவில் படுத்துக்கொண்டு என்னால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. பத்து நாள் கழித்து விடைத்தாள் திரும்பி வந்தது. நாற்பதுக்கு முப்பத்தெட்டு. அதுவரை நான் அதிகமாக வாங்கியது இருபத்தாறு. கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வரி வேறு: 'இந்த மாணவி விலங்கை அருகிலிருந்து பார்த்தவர். வாழ்த்துகள்.' மேலே என் பெயர்.

அம்மா அதை எங்கள் வரிசையின் ஆறு வீட்டுக்கும் எடுத்துப்போய்க் காட்டினாள். சந்தோஷத்தில் யார் எழுதியது என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னல் வழியே என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். பெரியப்பா மகள் அடுப்படியில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் வாயைத் திறப்பாள், அப்போது அவளோடு சண்டைக்குப் போகலாம் என்று காத்திருந்தேன். அவள் அடுத்த காயை எடுத்தாள். எழுதியது அவள் என்று நானும் சொல்லவில்லை. உடம்பில் அம்மைப் புண் ஆறியது, இது ஆறவில்லை. அந்த ஒரு வரி எனக்கு எழுதப்பட்டதாக இருந்திருக்கக் கூடாதா என்று எத்தனையோ நாள் அந்தத் தாளை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

கால்நடைப் படிப்பில் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சில இடங்கள் உண்டு. அதற்கு நிலச் சான்றிதழ் வேண்டும். பிறகு ஒரு செய்முறைத் தேர்வு. விதைகளை அடையாளம் சொல்ல வேண்டும், கலப்பையின் பாகங்களைச் சொல்ல வேண்டும், மாட்டைப் பார்த்து வயது சொல்ல வேண்டும். ஹனூர் நிலம் பாகம் பிரியாமல் கிடந்ததால் பெரியப்பா இரண்டு பேருக்கும் சான்றிதழ் வாங்கிவிட்டார். மாட்டைத் தொடாத நானும் விவசாயி மகளானேன். பொதுப் பட்டியலில் இரண்டு பேருக்குமே இடம் கிடைக்காது என்று தெரியும். இதை விட்டால் எனக்கு வேறு வழி கிடையாது.

அந்தச் செய்முறைத் தேர்வுக்கான கடைசிப் பாடம் கோடை விடுமுறையில் வந்தது. அவள் ஊருக்குப் போயிருந்தாள். சினைப் பசு ஒன்று ஈனப் போகிறதாம், இவள் இல்லாமல் ஈனாதாம். வீட்டில் நான் மட்டும். உறையைப் பிரித்தேன். பல்லைப் பார்த்து வயது சொல்லும் பட்டியல் அதில் இருந்தது. நோட்டில் அழகாக எழுதிக்கொண்டேன். பிறகு உறையை மடித்து, கம்பளி வைக்கும் ட்ரங்குப் பெட்டிக்குள், அடியில் விரித்திருந்த செய்தித்தாளுக்குக் கீழே வைத்தேன். ரொம்ப நாளாகச் செய்ய நினைத்த வேலையைச் செய்து முடித்தது போலத்தான் இருந்தது.

அவள் சீம்பால் கட்டியோடு திரும்பி வந்தாள். "பாடம் ஏதாச்சும் வந்துச்சா புள்ள?"

"வரல. தபால்காரர்தான் பேஜாரு பண்றாரு."

"வந்தாப் பாத்துக்கலாம்" என்று சீம்பாலை எனக்குத்தான் முதலில் வெட்டிக் கொடுத்தாள். சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. அதன் பிறகு அந்தப் பெட்டிப் பக்கம் நான் போகவே இல்லை. நோட்டில் இருந்ததை மட்டும் உருப்போட்டேன். இரண்டு பல் என்றால் மூன்று வயது, நான்கு பல் என்றால் நான்கு, ஆறு என்றால் ஐந்து, எட்டு என்றால் ஆறு. பாத்ரூமிலும் சொன்னேன், சைக்கிளிலும் சொன்னேன்.

தேர்வன்று காலையில் ஜடை பின்னிக்கொண்டே அவள் கேட்டாள். "எல்லாத்தையும் கடசியா ஒருக்கா எடுத்துப் பாத்துக்கிட்டியா?"

"பாத்துட்டேன், பாத்துட்டேன்."

"பாத்துட்டியா?" என்று மறுபடியும் கேட்டாள். தனக்குத் தெரியும் என்ற திமிரில் கேட்கிறாள் என்று நினைத்தேன். பதில் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தைத் தாண்டி ஒரு பண்ணையில் தேர்வு. அப்பா எங்களைப் பஸ்ஸில் கூட்டிப்போனார். புளியமரத்தடியில் மேஜை போட்டு விதைகளைத் தட்டு தட்டாக வைத்திருந்தார்கள். விதைகளில் நான் மோசமில்லை. கொட்டகையில் மாடுகள். அவளை முதலில் கூப்பிட்டார்கள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். மாடு அவள் பின்னாலேயே முகத்தை நீட்டியது. அந்த மாட்டின் மேல்கூட எனக்குப் பொறாமை.

என் முறை வந்தது. கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் கன்னடத்தில் கேட்டார், இந்தக் கிடாரிக்கு என்ன வயது என்று. கிடாரி என்றால் இன்னும் கன்று போடாத பசு என்பது எனக்குத் தெரியும். அதன் முன்னால் போய் நின்றேன். அது என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். வாயை எப்படித் திறப்பது என்று நான் எழுதிக்கொண்ட எந்தப் பக்கத்திலும் இல்லை. தாடையைத் தொட்டேன். அது தலையை உதறியது. பின்னால் நின்ற பையன்கள் சிரித்தார்கள். கொட்டகை ஆள் ஒருவர் வந்து, கடவாய் ஓரத்தில் விரலை விட்டுச் சுலபமாகத் திறந்து காட்டினார். கீழ்த்தாடையில் நடுவில் பெரிதாக நான்கு பல், ஓரங்களில் சின்னச் சின்னப் பால்பற்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பட்டியல் கண்முன்னால் நின்றது.

"நாலு வயது, சார்."

அவர் என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நாலு பல்லுக்கு நாலு வயதா? யாரும்மா சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் எழுதிக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம், நான் பக்கத்தில். "வயசு என்னன்னு சொன்னே?" என்றாள்.

"நாலு."

அவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "அது மூணு, புள்ள. நீ எடுத்துப் பாக்கலியா?"

"எதை?"

"ஒண்ணுமில்ல" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் காவேரிப் பாலத்தைத் தாண்டும்போதுதான் எனக்கு ட்ரங்குப் பெட்டி ஞாபகம் வந்தது.

வீட்டுக்குப் போனதும் அவள் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனாள். நான் ட்ரங்குப் பெட்டியைத் திறந்தேன். கம்பளிக்கு நடுவில் புது அந்துருண்டை வாசம். "அந்துருண்டை யாரும்மா போட்டது?" என்று குரல் கொடுத்தேன். "அவதான், போன வாரம். நீயா செய்யப் போறே? பெட்டி சும்னே கெடக்குதுன்னு நான்தான் போடச் சொன்னேன்" என்றாள் அம்மா உள்ளிருந்து.

செய்தித்தாளைத் தூக்கினேன். உறை நான் வைத்த இடத்தில், நான் வைத்த மாதிரியே இருந்தது. உள்ளே பல் பட்டியலின் ஓரத்தில் பென்சிலில், கன்னட எழுத்தில், அவளுடைய ஹனூர்த் தமிழ்:

'இதுல பல்லுக் கணக்கு ஒரு வரி கீழ எறங்கிப் போச்சு. டைப் அடிச்சவங்க தப்பு. ரெண்டு பல்லுன்னா ரெண்டு வருசம், நாலுன்னா மூணு, ஆறுன்னா நாலு, எட்டுன்னா அஞ்சு. மாடு வாயத் தொறக்கலீன்னா கடவாயில பல்லு இல்லாத எடத்துல வெரல உடு. கடிக்காது. பயப்படாத.'

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்னைத் திட்டி ஒரு வார்த்தை இருக்கிறதா என்று பக்கங்களைத் திருப்பித் திருப்பித் தேடினேன். இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கிணற்றடியில் அவள் வாளியை வைக்கும் சத்தம் கேட்டதும் எல்லாவற்றையும் பழையபடி உள்ளே திணித்தேன். அவள் உள்ளே வந்ததும் துண்டை எடுத்துக் கொடுத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

ஆடியில் அவளுக்கு இடம் கிடைத்துக் கடிதம் வந்தது. அதே தபால்காரர், உறையின் மேல் அவள் பெயர். எனக்கு ஒன்றும் வரவில்லை. நான் மைசூரிலேயே பி.எஸ்ஸி. விலங்கியலில் சேர்ந்தேன்; பாட்டிலில் போட்ட தவளையின் வாயை யாரும் திறக்கச் சொல்ல மாட்டார்கள்.

அவள் கிளம்பும் நாளில் அப்பா ஆட்டோ கூப்பிடப் போயிருந்தார். அம்மா பொடி டப்பாக்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் அவள் பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தேன். அங்கேதான் கூப்பிட்டேன்.

"அக்கா."

அவள் நின்றுவிட்டாள். "இத்தன நாளு இந்த அக்கா எங்க போயிருந்தா?"

"ட்ரங்குப் பெட்டியில" என்றேன்.

அவள் சிரித்தாள். ஒரு கையால் என் முகவாயைப் பிடித்து, கிடாரியைப் பிடிப்பது போலத் தூக்கிப் பார்த்தாள். "தெரியும் புள்ள" என்றாள். ஆட்டோ வந்தது, ஏறிக்கொண்டாள்.

இப்போது அவள் குண்டலுபேட்டைப் பக்கம் டாக்டர். போர்டு வைத்திருக்கிறாள். அந்தப் போர்டின் மேல் எனக்குப் பொறாமை உண்டு, மறைப்பானேன். ஆனால் அதெல்லாம் சின்னது. என் உறையை ஒருவர் ஒளித்து வைத்து அது என் கையில் கிடைத்திருந்தால், அதில் நான் 'பயப்படாத' என்று எழுதியிருக்க மாட்டேன். எனக்கு வராத அந்த ஒன்றின் மேல்தான் இன்றுவரை பொறாமை.