சோடாப் போத்தலில் இருந்தது

புளத்கொகுபிட்டிய ரப்பர் தோட்டத்தில் உள்ள எங்கள் லயத்து வீட்டுக்குத் தீபாவளியன்று நாத்தனார் குடும்பம் வந்திருந்தது. நான் வடை சுடும்போது பிள்ளைகள் அடுப்பையே சுற்றிச்சுற்றி வந்தார்கள். எரிச்சலில், "போய்க் கடை வச்சு விளையாடுங்க" என்று கட்டிலுக்கடியில் கிடந்த போத்தல்களைப் பார்க்காமலே அள்ளிக் கொடுத்தேன்.

சற்று நேரத்தில், ரப்பர் பாலை உறைய வைக்கும் அசிட்டின் நெடி மூக்கில் ஏறியது. திரும்பினால், என் மகள் ஊற்றிக்கொடுத்த கோப்பையை நாத்தனாரின் நான்கு வயது மகன் வாயருகே கொண்டுபோகிறான். பாய்ந்து தட்டிவிட்டேன். சிந்திய இடத்தில் சிமெந்துத் தரை நுரைத்தது.

"சோடாதானேம்மா? நீங்கதானே தந்தீங்க" என்றாள் மகள்.

அசிட்டைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைத்ததும் நான்தான்.

இப்போது அசிட்டை அதற்குரிய கேனிலேயே பூட்டி வைக்கிறேன். பிள்ளைகள் கடை போட்டால் முதலில் வாங்கப் போவதும் நான்தான். மோந்து பார்த்த பிறகே இலைக்காசை நீட்டுவேன்.