நாற்றங்காலுக்குப் போன ரவிக்கைக் கை

பொன்னேரிக்கு மேற்கே மூன்று மைல் தள்ளி இருக்கிற ஊர். அங்கே கங்கம்மாள் ஒரு ரவிக்கையை எடுத்த எடுப்பில் தைத்து முடித்தாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படி ஒரு அதிசயம் நடந்ததே இல்லை. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வந்து முதுகுத் துண்டை மூட்டுவாள். கஞ்சியை வடித்துவிட்டு வந்து கழுத்தை மடித்து அடிப்பாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தால் கொக்கி கட்டுகிற வேலை. பெண் அஞ்சம்மாளுக்குத் தலை பின்னும்போது பல்லிடுக்கில் நூல் இருக்கும். பிள்ளை பரசுராமனுக்குச் சோறு ஊட்டும்போது இடுப்பில் கத்தரிக்கோல் தொங்கும். ஒரு நாள் மீன் குழம்பிலேயே கொக்கி கிடந்தது.

"முள்ளுன்னு நெனைச்சு முழுங்கி இருப்பேன்மே!" என்று கத்தினான் புருஷன் அப்பாவு.

"முழுங்கலையே? குடு இங்க," என்று வாங்கிக் கழுவி டப்பாவில் போட்டுக்கொண்டாள்.

இந்தக் கால்மிதி மிஷின் வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. ஊரில் முக்கால்வாசிப் பெண்கள் அவளிடம்தான் தைத்தார்கள். அளவெடுக்க நாடா எல்லாம் கிடையாது. பழைய ரவிக்கை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "இதே அளவுக்கா, கொஞ்சம் லூசா வை" என்று போய்விடுவார்கள். சொன்ன தேதிக்குத் துணி கைக்கு வரும். மழை பெய்தாலும் வரும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் வரும். அந்தப் பேரை அவள் சும்மா சம்பாதிக்கவில்லை.

வேலைக்கு நடுவே நாற்பது தடவை எழுந்து ஓடினால் துணி கலந்துபோகும் அல்லவா? அதற்காக அவள் வீட்டில் ஒரு சட்டம் போட்டிருந்தாள். சுவரில் ஆணியில் தொங்குகிற மூட்டை அடுத்தவர் துணி, அதை ஒருத்தரும் தொடக்கூடாது. மிஷினுக்கு அடியில் இருக்கிற முறம் பொதுச் சொத்து. வெட்டி மிஞ்சின துண்டு துணுக்கெல்லாம் அதில் விழும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அஞ்சம்மாள் பொம்மைக்குப் பாவாடை கட்டுவாள். பரசுராமன் காத்தாடிக்கு வால் ஒட்டுவான். அப்பாவு மண்வெட்டிக் காம்பில் சுற்றிக்கொள்வான். ஐந்து வருஷத்தில் யாரும் இந்தச் சட்டத்தை மீறவில்லை. கடைசியில் மீறினது யார் தெரியுமா? சட்டம் போட்ட மகராசியேதான்.

அறுபத்தொன்பதாம் வருஷம் ஆவணி மாசம். அடுத்த தெரு லட்சுமியம்மாளின் பெண் செல்விக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். முகூர்த்தத்துக்குக் கட்டுகிற கூறைப்பட்டோடு சேர்த்து நெய்த ரவிக்கைத் துணியை மட்டும் மாப்பிள்ளை வீட்டார் முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். அரக்குப் பட்டு. அதைக் கொண்டுவந்து கொடுக்கும்போது லட்சுமியம்மாள் கைகூப்பாத குறையாகச் சொன்னாள்: "கங்கா, எம் பொண்ணு மணையில குந்தும்போது நூறு கண்ணு பாக்கும். இன்னொரு துண்டு வேணும்னா காஞ்சிவரம்தான் போவணும். பாத்துக்கடி."

சனிக்கிழமை கங்கம்மாள் அதை வெட்டினாள். முன்பக்கம், முதுகு எல்லாம் மூட்டையில் போய்விட்டன. கை இரண்டையும் வெட்டிக் கையில் வைத்திருக்கும்போது கொல்லையிலிருந்து பரசுராமன் அலறினான்: "எம்மா! கன்னுக்குட்டி அவுத்துகினு பால் எல்லாத்தையும் குடிக்குது!" பால் போனால் காலைக் காப்பி போச்சு. கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினாள். போட்ட இடம் முறம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கை மூட்டலாம் என்று மூட்டையை அவிழ்த்தால், கை இல்லை! உதறினாள். பாயைத் தூக்கினாள். அரிசிப் பானைக்குள்கூட எட்டிப் பார்த்தாள். கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. பிள்ளைகள் இரண்டும் சாமி சத்தியமாக எடுக்கவில்லை என்றன. புருஷனுக்குச் சோற்றுத்தூக்கை எடுத்துக்கொண்டு வயலுக்கு நடந்தாள்.

வரப்பில் ஏறினதுமே கண்ணில் பட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவு நாற்று விட்டிருந்தான். விதைநெல்லைக் குருவி பொறுக்காமல் இருக்க நாற்றங்காலைச் சுற்றிக் குச்சி நட்டு, குச்சிக்கு ஒன்றாக அரக்குப் பட்டைக் கிழித்துக் கட்டியிருந்தான். வெயிலில் அது தகதகவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"பாத்தியாமே? ரெண்டு நாளா ஒரு குருவி அண்டல. நல்ல துணி!" என்றான் அப்பாவு, பெருமையாக.

"அட பாவி மனுசா! செல்வி கல்யாண ஜாக்கெட்டு கைய்யா அது!"

அப்பாவுக்குத் தேள் கொட்டினாற்போல ஆகிவிட்டது. ஆனாலும் விடுவானா? "மொறத்துல கெடந்துது, எடுத்தேன். மொறத்துல இருந்தா எடுத்துக்கலாம்னு சொன்னது யாரு? நானா?"

கங்கம்மாளுக்கு அப்போதுதான் கன்றுக்குட்டி நினைவுக்கு வந்தது. திட்ட ஆள் கிடைக்காத கோபம் இருக்கிறதே, அதைவிடப் பெரிய கோபம் உலகத்தில் இல்லை. வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள். அந்தப் பெண் எந்த முகத்தோடு மணையில் உட்காரும்? நான் எந்த முகத்தோடு அந்தத் தெருவில் நடப்பேன்? வாய்விட்டே சொல்லிச் சொல்லி அழுதாள்.

அவள் அழுது அப்பாவு பார்த்ததில்லை. தூக்கைத் திறக்காமல் சேற்றில் இறங்கி ஒவ்வொரு குச்சியாக அவிழ்த்து வந்தான். எட்டுத் துண்டு கட்டினவன் ஏழுதான் கொண்டுவந்தான். ஒன்றைக் காற்று கால்வாய்ப் பக்கம் கொண்டுபோய்விட்டது. பட்டுக்குப் பதிலாகத் தன் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டைக் கிழித்துக் கட்டினான். "இன்னா செய்யணும் சொல்லு," என்றான்.

கங்கம்மாள் மூக்கைச் சிந்திவிட்டு ஏழு துண்டையும் மடியில் பரப்பிப் பார்த்தாள். நீளவாக்கில்தான் கிழித்திருந்தான், அதுவரைக்கும் புண்ணியம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவளின் அழுகை மெல்ல நின்றது. "சைக்கிளை எடு. பொன்னேரி பஜார்ல ஜரிகை ரிப்பன் வாங்கிகினு வா. மெல்லிசு ஒண்ணு, அகலம் ஒண்ணு."

வாங்கி வந்தான். பூந்திக்கொட்டையில் அலசி, நிழலில் காயவைத்து, துண்டுக்குத் துண்டு மூட்டி, மூட்டின கோட்டின் மேல் ஜரிகையை வைத்து அடிக்க வேண்டும். புதன்கிழமை முழுக்க அவளை யாரும் எழுப்பக் கூடாது என்று அப்பாவு உத்தரவு போட்டான். போட்டுவிட்டு அவனே அடுப்படிக்குப் போனான். ஐயோ, அந்த நாஷ்டாவை ஏன் கேட்கிறீர்கள்! உப்புமாவில் கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. வெள்ளைத் துண்டுக்குக் குருவி பயப்படவில்லை என்று தெரிந்ததும் வயலுக்கு ஓடி 'ஓஹோய்' என்று கத்துவான். கத்திவிட்டு வந்து குழம்பைக் கிளறுவான். குழம்பு அடிப்பிடித்தது. கன்றுக்குட்டி மறுபடியும் அவிழ்த்துக்கொண்டது.

"இன்னாமே இது, ஒரே பேஜாரா கீது! தினம் இப்டித்தான் ஓடிகினு கீறியா?" என்று வாசற்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான்.

"இதுக்கு நடுவுல ஜாக்கெட்டும் தைப்பேன்," என்றாள் கங்கம்மாள், மிதியை நிறுத்தாமல். அவளுக்கு உள்ளுக்குள் சர்க்கரைப் பொங்கல் தின்ற மாதிரி இருந்தது. அன்றைக்குத்தான் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவள் எழுந்திருக்காமல் தைத்தாள்.

வியாழக்கிழமை காலையில் ரவிக்கை தயார். ஒரு கையில் நாலு துண்டு, நடுவே மூன்று மெல்லிய ஜரிகைக் கோடு. இன்னொரு கையில் மூன்றே துண்டு, அகலமாய் இரண்டு கோடு. தைத்தவளுக்கே ஆசையாக இருந்தது. சொல்லாமல் விட்டால் ஒருத்திக்கும் தெரியாது, விட்டுவிடலாமா? வழியெல்லாம் இதே யோசனை.

லட்சுமியம்மாள் வீட்டுக் கூடத்தில் முளைப்பாலிகைச் சட்டிகள் வரிசையாக இருந்தன. கல்யாணத்துக்கு முன்னால் நவதானியம் முளைக்கப் போடுகிற சட்டிகள். அவற்றின் முன்னால் லட்சுமியம்மாள் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

செல்வி ரவிக்கையை வாங்கி விரித்தாள். "எம்மா, இன்னா அழகு பாரேன்!" என்றாள். என்றவள் விரலை வைத்து எண்ணினாள். "யக்கா, இந்தக் கையில மூணு கோடு, அந்தக் கையில ரெண்டா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? மறைக்கிற ஜாதியும் இல்லை கங்கம்மாள். கன்றுக்குட்டி முதல் கால்வாய்க்குப் போன துண்டு வரை மடமடவென்று கொட்டிவிட்டாள். "தப்பு என்னுதுதான்கா. எங்க ஊட்டுக்காரரை ஒண்ணும் சொல்லாதே. நீ எது சொன்னாலும் நான் கேட்டுக்கறேன்," என்று தலை குனிந்து நின்றாள்.

லட்சுமியம்மாள் முகம் சிவந்தது. "மாப்பிள்ளை ஊட்டுப் பட்டு! அதைக் கொண்டுபோயி நாத்தங்கால்ல நட்டீங்களா?" என்று எழுந்தாள். அப்புறம் என்ன தோன்றியதோ, நின்றுவிட்டாள். சட்டிகளைப் பார்த்தாள். கங்கம்மாளைப் பார்த்தாள்.

"ஏண்டி, உங்க நாத்து மொளைச்சிதா?"

"மொளைச்சிதுக்கா. பச்சைப் பசேல்னு கீது."

"ஒரு எடம்கூட சொட்டை இல்ல?"

"இல்லியேக்கா."

லட்சுமியம்மாள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எங்க ஊட்டுப் பாலிகை பாரு, பாதி மொளைக்கவே இல்ல. அபசகுனம்னு யாராவது சொல்லிடுவாங்களோன்னு ரெண்டு நாளா மனசு அடிச்சிகினு கெடந்தேன். எம் பொண்ணு துணி மொளைச்ச நெல்லு நடுவுலயே நின்னு வந்திருக்குது. இதைவிட இன்னாடி வேணும்?" என்று ரவிக்கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். செல்விக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

லட்சுமியம்மாள் வாயில் எது தங்கும்? முகூர்த்தம் முடிவதற்குள் பந்தல் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. தை மாசத்தில் இரண்டு கல்யாணத் துணி வந்தது. இரண்டு பேருமே தாம்பாளத்தோடு, "நாத்தங்கால்ல ரெண்டு நாள் கட்டிட்டு அப்புறமா தைக்கா" என்றார்கள். தையில் நாற்று இருந்தது, சமாளித்தார்கள். வந்தது பார் வைகாசி. லட்சுமியம்மாளுடைய இரண்டாவது பெண்ணுக்குக் கல்யாணம். வயலெல்லாம் காய்ந்து வெடித்துக் கிடக்கிறது, நாற்றங்காலுக்கு எங்கே போவது? லட்சுமியம்மாள் கேட்பாளா? "அக்காளுக்கு ஒண்ணு, தங்கச்சிக்கு ஒண்ணா?" என்று சண்டைக்கே வந்துவிட்டாள்.

கடைசியில் அப்பாவு முணுமுணுத்துக்கொண்டே கிணற்றடியில் பாய் அகலத்துக்கு மண்ணைக் கொத்தி, ஒரு படி நெல்லைத் தூவினான். குச்சி நட்டு, வெட்டாத பட்டைப் பதமாகக் கட்டினான். நாலு நாள் கோழியும் காக்காயும் அண்டாமல் கோலோடு காவல் நின்றான். பார்க்க வந்த பெண்கள் ஆளுக்கொரு தடவை துணியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

"பதினைஞ்சு வருசமா நெல்லு நடறேன்," என்றான் அப்பாவு, மிஷினில் இருந்த பெண்டாட்டியைப் பார்த்து. "ஒருத்தன் வந்து எட்டிப் பாத்தது இல்ல. ஒரே ஒரு தடவை உன் ஜாக்கெட்டு கையை நட்டேன். கும்புட வராங்கமே!"

கங்கம்மாள் சிரித்த சிரிப்பில் நூல் அறுந்துபோனது.