நான் பறித்த விளையாட்டுப் பாடவேளை

இன்று யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பேருந்தில் ஏறினேன். பக்கத்து இருக்கையில் என் பழைய மாணவி தர்சிகாவின் அம்மா, மகளின் உதைபந்துச் சப்பாத்துப் பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி. முழங்காலில் புதுக் காயத்தோடு தர்சிகா அருகில் நின்றாள்.

“டீச்சர், நீங்களே சொல்லுங்கோ. ஏ.எல். சோதினைக்கு மூண்டு மாதம்தான் கிடக்கு. இவள் சனிக்கிழமை ரியூசனை விட்டிட்டு விளையாடப் போகப்போறாளாம்.”

“இறுதி ஆட்டம், அம்மா. ஆறு வயசிலையிருந்து விளையாடுறன். சப்பாத்தைப் பூட்டி வையுங்கோ, வெறுங்காலோடை போவன்.”

“வாயைப் பாருங்கோ! டீச்சர் எவ்வளவு அருமையாக் கணக்குப் படிப்பிச்சவ. அவவிட்டைக் கேள்.”

“ஓம், அருமையாத்தான் படிப்பிச்சவ. எங்கடை விளையாட்டுப் பாடத்தையும் பறிச்செல்லோ படிப்பிச்சவ!”

முன் இருக்கையில் யாரோ சிரித்தார்கள்.

உண்மைதான். பாடத்திட்டம் முடியவில்லை என்று செவ்வாய்தோறும் அந்த நாற்பது நிமிடத்தை நான் எடுத்துக்கொண்டேன். பிள்ளைகள் யன்னலால் மைதானத்தைப் பார்த்தபடி பின்னக் கணக்குச் செய்தார்கள். இவள் மட்டும் மேசைக்குக் கீழே கடதாசி உருண்டையைக் காலால் தட்டிக்கொண்டிருப்பாள்.

“பிள்ளை விளையாடட்டும். ஒரு சனிக்கிழமையாலை ஒருத்தரும் கெட்டுப்போகேல்லை. விடுபடுற கணக்கை ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லிக் குடுக்கிறன்” என்றேன்.

“உங்களிட்டைப் போய்க் கேட்டன் பாருங்கோ!” அம்மா பையை மகளிடம் தள்ளினார்.

சனிக்கிழமை நான் மைதானத்தில் இருப்பேன். என்னைப் போல விளையாட்டுப் பாடவேளையைப் பறித்த ஆசிரியர்களே, வெட்கப்படாமல் கையை உயர்த்துங்கள். உங்களுக்கும் இடம் பிடித்து வைக்கிறேன்.