புஜ்ஜிக்கு வெறி பிடித்த காலை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காபி டம்ளரைக் கழுவிக்கொண்டிருக்கிறேன், தெருவில் ஒரே கூச்சல். எட்டிப் பார்த்தால்... நாலு பேர் கையில் கட்டை. நடுவில் புஜ்ஜி.

புஜ்ஜி என் எதிர்வீட்டு எஸ்தரின் நாய். ஐந்து மாதக் குட்டி. எஸ்தர் களை எடுக்க, நாற்று நடப் போகிறவர். தனி ஆள். சாலவாக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது காலைச் சுற்றி வந்த குட்டியைத் தூக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து தெருவில் பாதிச் செருப்புகளுக்கு ஜோடி கிடையாது. பல் முளைக்கிற வயசு!

அன்றைக்கு அது வேறு நாயாக இருந்தது. நேராக நடக்க முடியாமல் சுவரில் போய் முட்டியது. ஒன்றுமே இல்லாத இடத்தைப் பார்த்துக் குரைத்தது. காற்றைக் கடித்தது. எஸ்தர் கூப்பிட்டும் திரும்பவில்லை.

“வெறி புடிச்சிகீது. கண்ணப் பாரு, எப்டி கீதுன்னு! அடிச்சிப் போட்டாத்தான் தெரு பொழைக்கும்” என்றார் கஜபதி.

கஜபதி ‘குட்டி யானை’ லோடு வண்டி ஓட்டுகிறவர். கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய தம்பி நாய்க்கடியை அலட்சியமாக விட்டு, ஊசி போட்டுக்கொள்ளாமல் செத்துப்போனவன். அந்தச் சாவைப் பக்கத்தில் இருந்து பார்த்த மனுஷனிடம் ‘பயப்படாதே’ என்று யார் சொல்ல முடியும்?

நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? கேட்டுக்கு உள்ளே நின்றேன். தாழ்ப்பாளும் போட்டேன். வாராவாரம் இந்தப் பத்தியில் ஊருக்குப் புத்தி சொல்கிறவளின் வீரம் அவ்வளவுதான்.

எஸ்தர் மட்டும் கட்டைகளுக்கும் நாய்க்கும் நடுவில் போய் நின்றார்.

“அண்ணா, ஒரு நிமிஷம் இருங்க. காத்தால சோறு துன்னுச்சி, வாலை ஆட்டிக்கினுதான் வெளிய போச்சி. வெறின்னா ரெண்டு மணி நேரத்துலயா வந்துடும்?”

“நவுரு எஸ்தரு. உன்னையும் கடிச்சிடும்.”

“என்னைக் கடிச்சா நான் போயி ஊசி போட்டுக்கறேன். அடிச்சிட்டு, அப்பறமா வெறி இல்லன்னு தெரிஞ்சா உசுரத் திருப்பிக் குடுப்பியாண்ணா?”

அந்த நேரம் பார்த்து புஜ்ஜி குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தது. எஸ்தர் தள்ளி நின்றபடியே ஒரு நீளக் குச்சியால் அதைக் கிளறினார்.

“இன்னா இது... முள்ளு முள்ளா கீது?”

பச்சைத் தோல். ஊடே பொடிப் பொடியாக விதைகள்.

அந்த முள்ளுத் தோலை எனக்குத் தெரியும். என் வீட்டை ஒட்டிய காலி மனை என்னுடையது. மழைக்கு அங்கே ஓர் ஊமத்தஞ்செடி தானாக முளைத்திருந்தது. வெள்ளை வெளேரென்று குழல் மாதிரிப் பூ. ‘அழகா இருக்கே, இருந்துட்டுப் போகட்டும்’ என்று விட்டவள் நான். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வேறு வைத்தேன்!

ஓடிப் போய்ப் பார்த்தேன். செடி சாய்ந்து கிடந்தது. மண்ணில் குதறிய காய்கள். பந்து என்று நினைத்து உருட்டி விளையாடியிருக்கிறது பாவி. விளையாட்டில் கடித்து விழுங்கியும் இருக்கிறது.

“கஜபதி, இது ஊமத்தங்காய்! என் மனையில இருந்த செடி. என் தப்பு!” என்று கத்தினேன்.

அவர் காயைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். கட்டையைக் கீழே போடவில்லை. ஆனால் இன்னொரு கை சட்டைப் பைக்குள் போய் வண்டிச் சாவியை எடுத்தது.

கோழி கவிழ்க்கிற பெரிய கூடையை நாய் மேல் போட்டது அவர்தான். அடியில் பலகையைச் செருகி, கயிற்றால் கட்டி, வண்டியில் ஏற்றினோம். உத்திரமேரூர் கால்நடை ஆஸ்பத்திரி வரைக்கும் எஸ்தர் கூடையோடு பேசிக்கொண்டே வந்தார். நான் ஒரு பிளாஸ்டிக் கவரில் கடித்த காயைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கால்நடை டாக்டர் சின்ன வயதுப் பெண். கையுறை மாட்டிக்கொண்டு, டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். கருமணி முழுசாக விரிந்து கிடந்தது. நாக்கு காய்ந்த துணி மாதிரி. நெஞ்சு தடதடவென்று அடித்தது.

“காயைக் கொண்டுவந்தீங்களே, அதுதான் நல்லது. ஊமத்தை விஷம் மாதிரித்தான் தெரியுது. ஆனா வெறி இல்லன்னு இப்பவே சத்தியம் பண்ண மாட்டேன். பத்து நாள் தனியாக் கட்டிவைங்க, யாரும் கிட்ட போகாதீங்க.”

“பொழைக்குமா டாக்டர்?” என்றார் எஸ்தர்.

“கொஞ்சம் லேட்டா வந்திருந்தா சொல்லியிருக்க முடியாது. இப்ப முயற்சி பண்ணலாம்மா.”

மருந்து, டிரிப்ஸ், இருட்டு அறை. மறுநாள் சாயங்காலம் எஸ்தர் கூப்பிட்டபோது காது அசைந்தது. மூன்றாம் நாள் தண்ணீர் குடித்தது. பத்து நாளும் ஒரு குறையும் இல்லாமல் கழிந்தன. பதினோராம் நாள் கஜபதியின் செருப்பில் ஒன்றைக் காணோம். அவர் திட்டினார். திட்டும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டதை நானும் எஸ்தரும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டோம்.

பயம் வந்தால் நமக்கெல்லாம் கண் மூடிக்கொள்கிறது. கஜபதிக்குத் தம்பி தெரிந்தான், நாய் தெரியவில்லை. எனக்குத் தாழ்ப்பாள் மட்டும்தான் தெரிந்தது. எஸ்தருக்கும் பயம்தான், தள்ளி நின்றுதான் குச்சியை நீட்டினார். ஆனால் அவர் பயந்துகொண்டே உற்றுப் பார்த்தார். ஓர் உயிர் பிழைக்க அதுவே போதுமானதாக இருந்தது.

ஊமத்தை மட்டுமல்ல. அரளி, எருக்கு, ஆமணக்கு விதை... எதுவும் நாய்க்கும் ஆகாது, பூனைக்கும் ஆகாது என்றார் டாக்டர். தின்றுவிட்டால் கைவைத்தியம் வேண்டாம். தின்றதைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓட வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கையுறை போட்டுக்கொண்டு மனையைச் சுத்தம் செய்தேன். தெருவே கூட வந்தது. இப்போது எந்தச் செடியைப் பார்த்தாலும் “அக்கா, இது நாய் துன்னா ஆவுமா?” என்று வாசலில் கொண்டுவந்து காட்டுகிறார்கள்.

கஜபதி அதோடு விடவில்லை. டாக்டரிடம் நடையாய் நடந்து, எங்கள் தெருவுக்கே வெறிநாய்த் தடுப்பூசி முகாம் கொண்டுவந்துவிட்டார். தெரு நாய்கள் வரை எல்லாம் சமர்த்தாக ஊசி போட்டுக்கொண்டன. ரகளை செய்தது என் வீட்டுப் பூனை மட்டும்தான். என் கையில் நாலு கீறல்.

அடுத்த ஊசி எனக்கு!