நேரம் இருக்கு, போய்க் குளிச்சுட்டு வாங்க

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நான் நர்ஸ். இனி வைத்தியம் பலிக்காது என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களைப் போய்ப் பார்ப்பது என் வேலை. நோயாளிக்குச் செய்வது கொஞ்சம்தான், வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் அதிகம். உதட்டை எப்படி நனைப்பது, மூச்சு விட்டுவிட்டு வந்தால் ஏன் பதறக் கூடாது, பதில் வராவிட்டாலும் ஏன் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்... இப்படி. சாவைப் பார்த்துப் பார்த்துப் பயம் விட்டுப்போன ஆள் என்றுதான் என்னை நினைத்திருந்தேன்.

மூன்று வருடம் முன்பு ஒரு தப்புச் செய்தேன். கணவர் பக்கத்தில் நான்கு நாளாகப் பொட்டுத் தூக்கமில்லாமல் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவிடம், "நேரம் இருக்கு, போய்க் குளிச்சுட்டு வாங்க" என்றேன். அவர் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோதே கணவர் போய்விட்டார். சொட்டச் சொட்ட ஓடி வந்தவர் அழவில்லை. "நேரம் இருக்குன்னு சொன்னீங்களே" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் என் நெஞ்சை அறுக்கிறது.

போன மாதம், ஒரு வியாழக்கிழமை. பட்டப்பகல். நான்காவது மாடியில் ஒரு வீடு. படுக்கையில் தாய், பேச்சு நின்று இரண்டு நாள். பக்கத்தில் ஒரே மகன், பஸ் டிரைவர்.

"அப்பா போறப்ப நான் வண்டியில இருந்தேன் சிஸ்டர். அம்மா போறப்பவாவது கையைப் பிடிச்சிருக்கணும்."

நாடி பார்த்தேன். மூச்சு சீராக இருந்தது. மகனின் சட்டை வியர்வையில் நனைந்து, கசங்கி, பார்க்கவே பாவமாக இருந்தது. பட்டும் இந்த நாக்குக்குப் புத்தி வரவில்லை.

"நேரம் இருக்கு, போய்க் குளிச்சுட்டு வாங்க."

அப்போது மணி 2.52.

அவர் துண்டைத்தான் எடுத்தார், இன்னும் நகரவில்லை. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"உள்ள யாரு?" என்றேன்.

"யாருமில்லையே... நாங்க ரெண்டு பேர்தான்."

போய்க் கதவைத் திறந்தார்.

"குழாய் மூடித்தான் இருக்கு சிஸ்டர். தரைகூடக் காஞ்சு கிடக்கு."

ஆனால் சத்தம் நிற்கவில்லை.

சொட்... சொட்...

இப்போது அறைக்குள். என் முதுகுக்குப் பின்னால்.

சோப்பு வாசனை.

என் தோளில் ஒரு துளி விழுந்தது. ஜில்லென்று.

திரும்ப முடியவில்லை.

தாயின் உதடு அசைந்தது. குரல் அவருடையது இல்லை. எனக்குத் தெரிந்த குரல்.

"நேரம்... இருக்குன்னு... சொன்னீங்களே..."

"வாங்க! கையைப் பிடிங்க!" என்று கத்தினேன்.

மகன் ஓடி வந்தார். பிடித்தார்.

"அம்மா, இங்கதாம்மா இருக்கேன்."

ஒரு மூச்சு.

இன்னொன்று...

அவ்வளவுதான். மணி 2.57.

மறுநாள், அன்று கணவரை இழந்த அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். மூன்று வருடமாகக் கேட்கத் தைரியம் வராத மன்னிப்பைக் கேட்க. அவருடைய தங்கை கதவைத் திறந்தார்.

"அக்கா நேத்துதான் ஆஸ்பத்திரியில தவறிட்டாங்க."

"எத்தனை மணிக்கு?"

"2.52ன்னு எழுதியிருக்காங்க. நான் பக்கத்துல இல்ல. நேரம் இருக்கு, சாப்பிட்டுட்டு வாங்கன்னு அங்க இருந்த நர்ஸ் சொன்னாங்க, போயிட்டேன்."

தங்கை தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஒண்ணுதான் புரியல. அக்கா பத்து நாளாப் படுத்த படுக்கை. தலைக்கு யாரும் தண்ணியே ஊத்தல. நான் திரும்பி வந்து பார்க்கறப்ப, முடி சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்துச்சு."