பதினாலாவது மரைக்கால்

1954 பெப்ரவரி 9, செவ்வாய்க்கிழமை. விடியலில் சுபஹுத் தொழுதேன். ஆறு மணிக்குத் தேத்தண்ணியும் ரொட்டியும். ஆறேகாலுக்குக் கல்முனையிலிருந்து சைக்கிளில் புறப்பட்டு, எட்டு மணிக்கு வரிப்பத்தான்சேனையில் சூடு அடிக்கும் களவெட்டிக்குப் போய்ச் சேர்ந்தேன். சூடு அடித்துத் தூற்றிய நெல் குவிந்திருந்தது. நெல் அளக்கும் பாத்திரமான மரைக்காலைத் துடைத்து, பிஸ்மில்லாஹ் சொல்லி அளக்கத் தொடங்கினேன்.

நெல் அளப்பது இருபத்திரண்டு வருடமாக என் தொழில். அதற்கு ஒரு முறை உண்டு. முதல் மரைக்காலை நாங்கள் ஒன்று என்று சொல்வதில்லை, இறையருள் என்ற பொருளில் பறக்கத் என்போம். எண்ணை ஒரு தரம் சொல்லிவிட்டு வாயை மூடுவதும் இல்லை. மரைக்காலை நிறைத்துச் சாக்கில் கொட்டி முடியும்வரை அதே எண்ணை விடாமல் சொல்லிக்கொண்டே இருப்போம். கொட்டிய பிறகுதான் அடுத்த எண். இடையில் சத்தம் அறுந்தால் அந்த மரைக்கால் கணக்கில் சேராது, திரும்ப அளக்கவேண்டும். நிலத்துக்காரரான போடியாரும் வயல் செய்தவரும் நம்புவது அந்தச் சத்தத்தைத்தான்.

அன்று முப்பத்தோராவது மரைக்காலுக்குக் குனிந்தபோது மூச்சு நின்றது.

"என்ன காக்கா, நெல்லு தொண்டைக்குள்ள போய்த்தா?" என்று அண்ணன் முறை சொல்லிப் போடியார் சிரித்தார். என் முகத்தைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தி, என்னை நிழலில் கிடத்தினார். படுத்தால் இன்னும் மோசம். எழுந்து உட்கார்ந்த பிறகே மூச்சு வந்தது.

காரணம் எனக்குத் தெரியும். என் கழுத்தில் எட்டு வருடமாக ஒரு கழலை இருந்தது. சால்வையால் மூடிக்கொள்வேன். ஒவ்வொரு மாதமும் முதலாம் தேதி கழுத்தைச் சுற்றி ஒரு தறி நூலைக் கட்டி, அளவைக் குறிப்பேட்டில் எழுதுவேன். வைத்தியரிடம் போகப் பயம். எங்கள் ஊரில் ஒருவர் இதே கழலையை வெட்டப் போய்க் குரல் இல்லாமல் திரும்பிவந்தார். குரல் போனால் நான் அளவுகாரன் இல்லை. குர்ஆனையும் சத்தமாக ஓத முடியாது.

அன்று மாலை எட்டு வருடக் குறிப்பேடுகளையும் புரட்டினேன். தொண்ணூற்றாறு தடவை அளந்திருக்கிறேன். அதற்காக இறைவனிடம் ஒரு துஆக் கேட்டேன் என்று ஒரு வரியும் இல்லை. என் மனைவி ஆயிஷா பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"நூலால அளந்தா வீக்கம் பயந்து ஓடிருமா? ஒங்களுக்கு நூலக் கட்டத் தெரியும், கையேந்தத் தெரியாதா?" என்றாள்.

குறிப்பேடுகளை மூடி வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து மட்டக்களப்பு ஆசுபத்திரிக்குப் போனோம். பெரிய டொக்டர் யாழ்ப்பாணத்தவர். ஒரு மிடறு தண்ணீரை விழுங்கச் சொல்லி என் கழுத்தைப் பார்த்தார். விழுங்கும்போது கழலையும் மேலே ஏறி இறங்கியது. பிறகு ஒரு தாளை எடுத்து வரைந்தார். அந்தப் படத்தை அன்றே என் குறிப்பேட்டில் பார்த்து வரைந்து வைத்தேன்.

நடுவில் மூச்சுக்குழாய். அதற்குப் பின்னால் உணவுக்குழாய். மூச்சுக்குழாயின் இரு பக்கமும் ஒட்டியபடி தைரொயிட் சுரப்பியின் இரண்டு மடல்கள். இரண்டையும் முன்புறத்தில் ஒரு சிறு பாலம் சேர்க்கிறது. வெளிப்பக்கத்தில் தலைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்கள். எனக்கு இடது மடல் வீங்கி, மூச்சுக்குழாயை வலப்பக்கம் தள்ளியிருந்தது. வீக்கத்தின் அடிப்பாகம் நெஞ்செலும்புக்குப் பின்னாலும் இறங்கியிருந்தது. குனிந்தாலும் படுத்தாலும் மூச்சு முட்டியது அதனால்தான்.

"சுரப்பிக்குப் பின்னாலை நாலு குட்டிச் சுரப்பி இருக்கு. நெல்லுமணி அளவு. அதுகளையும் வெட்டிப்போட்டால் கைகால் இழுக்கும்" என்றார் டொக்டர். பிறகு பென்சிலைக் கூராக்கி ஒரு மெல்லிய கோடு போட்டார். "இதுதான் குரல் நரம்பு."

அந்த நரம்பின் வழி எனக்கு வியப்பாக இருந்தது. இடப்பக்கத்து நரம்பு கழுத்தைக் கடந்து நெஞ்சுக்குள் இறங்கி, இருதயத்திலிருந்து வரும் பெரிய இரத்தக் குழாயைச் சுற்றிக்கொண்டு, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையிலுள்ள பள்ளத்தின் வழியாக மறுபடி மேலே ஏறிக் குரல்வளைக்குப் போகிறது. வயலைத் தாண்டிப் போய்த் திரும்பிவந்து பாயும் வாய்க்கால் மாதிரி. சுரப்பிக்கு இரத்தம் தரும் குழாயும் அந்த நரம்பும் ஓரிடத்தில் ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றன. குழாயைக் கட்டவேண்டும், நரம்பைத் தொடக்கூடாது.

"அது எப்பவும் ஒரே இடத்திலை இராது. வீக்கம் தள்ளினால் நரம்பும் விலகும். தேடித்தான் பிடிக்கவேணும்" என்றார். "கிடைக்காட்டி?" என்று கேட்டேன். அவர் தாளை மடித்து என்னிடம் தந்தார்.

மார்ச் 4, வியாழக்கிழமை காலை வெட்டு. அதற்கு முன் ஆசுபத்திரி விறாந்தையில் லுஹா என்னும் முற்பகல் தொழுகை இரண்டு ரக்அத் தொழுதேன். எட்டு வருடம் கேட்காததை அன்று கேட்டேன். "ரப்பே, குரல் நரம்பென்ற அந்த நூலை நீ எங்கே வைத்தாய் என்று உனக்குத் தெரியும். டொக்டருக்குத் தெரியாமல் போகலாம். அவருக்குக் காட்டிக்கொடு." வேறொன்றும் கேட்கவில்லை. கண்ணீர் வந்ததையும் எழுதத்தான் வேண்டும்.

மூச்சுக்குழாய் நெருங்கியிருந்ததால் மயக்கம் கொடுக்கவில்லை. கழுத்து மரக்க ஊசி போட்டார்கள். வலி இல்லை; இழுப்பதும் அழுத்துவதும் தெரிந்தது.

"நீர் கதைச்சுக்கொண்டே இருக்கவேணும். குரல் மாறினால் எனக்குத் தெரியும். எண்ணும்" என்றார் டொக்டர்.

"பறக்கத், பறக்கத், பறக்கத்" என்றேன்.

"காக்கா, ஒண்டிலயிருந்து எண்ணுங்க" என்றாள் தாதி.

"எங்கட ஒண்டு இதுதான் மகள்."

டொக்டர் இரத்தம் ஒற்றிய துணியைத் தட்டில் போட்ட சத்தம் கேட்டது. ஒரு மரைக்கால் கொட்டியாயிற்று என்று வைத்துக்கொண்டு, "ரெண்டு, ரெண்டு, ரெண்டு" என்றேன்.

"ஐயா, ஆள் ரெண்டிலயே நிக்கிறார். தல சுத்துதோ தெரியா" என்றாள் தாதி.

"இல்லைப் பிள்ளை, நெல்லு அளக்கிறார். விடு" என்றார் டொக்டர். "காக்கா, உம்மடை கழுத்திலை எத்தினை மரைக்கால் தேறும்?"

பதினாலாவதில் நின்றிருந்தேன். "பதினாலு, பதினாலு, பதி..." அந்தச் சொல்லின் நடுவிலே குரல் காற்றாகிவிட்டது. வாய் அசைந்தது, சத்தம் இல்லை.

டொக்டரின் கை அந்த நொடியே நின்றது. ஏதோ ஒரு இடுக்கியைத் திறக்கும் சத்தம். காலையில் கேட்ட அதே துஆவை மனதுக்குள் திரும்பக் கேட்டேன்.

"இந்தா கிடக்கு" என்றார் டொக்டர் மெல்ல. "இரத்தக் குழாய்க்கு முன்னாலை வந்து படுத்திருக்கு. காக்கா, எண்ணும்."

கரகரப்பாக வந்தது. "பதினாலு."

சத்தம் அறுந்த மரைக்காலைத் தாண்டிப் போகக்கூடாது; சத்தம் திரும்பிவிட்டது என்று தெரியும்வரை அது கொட்டியதாகாது. ஆகவே கழலை வெளியே வந்து தையல் போட்டு முடியும்வரை பதினாலிலேயே நின்றேன். விடியும்வரை பேசக்கூடாது என்று டொக்டர் உத்தரவு போட்டார்.

மாலையில் கட்டிலருகே வந்து சொன்னார்: "எல்லாரும் ஒண்டு சொல்லி மூச்சு விட்டு, ரெண்டு சொல்லுவினம். அந்த இடைவெளிக்குள்ளை நான் இடுக்கியை இறுக்கியிருப்பன். நீர் ஓயாமல் சொன்னபடியால்தான் தொட்ட உடனை தெரிஞ்சுது."

டொக்டருக்கு அது என் பழக்கம். எனக்கு அது கேட்டதற்குக் கிடைத்த பதில். நான் காட்டிக்கொடு என்றேன். அவன் என் வாயாலேயே காட்டிக்கொடுத்தான். இருபத்திரண்டு வருடம் களவெட்டியில் என்னை அதற்குப் பழக்கியவனும் அவனே.

குரல் பழையபடி தெளிய மூன்று மாதம் சென்றது. இப்போது மறுபடி அளக்கிறேன். குறிப்பேடும் எழுதுகிறேன். ஆனால் எழுதுமுன் கேட்கிறேன். சகோதரர்களே, உங்கள் கஷ்டத்தை நீங்களும் அளந்து வைத்திருப்பீர்கள். அதோடு நின்றுவிடாதீர்கள். வைத்தியரிடம் போங்கள், போகுமுன் அவனிடம் கையேந்துங்கள். நான் வீணாக்கிய எட்டு வருடத்தை நீங்கள் வீணாக்கவேண்டாம்.

ஒன்று மட்டும் சொல்ல மிச்சம். வெட்டின் மறுநாள், வெள்ளிக்கிழமை. பள்ளிவாசலில் சுபஹுத் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டது. குரல் இருக்கிறதா என்று தெரியாது. வாயைத் திறந்து, பாங்கின் ஒவ்வொரு சொல்லுக்கும் பதில் சொன்னேன். சத்தம் வந்தது.

பக்கத்துக் கட்டிலில் குடல் இறக்கத்துக்கு வெட்டிக்கொண்ட திருக்கோவில் மீன்காரர் படுத்திருந்தார். என் பதினாலு முதல் நாளே வார்ட்டு முழுக்கப் பரவியிருந்தது. பாங்கு முடியும்வரை காத்திருந்து என் பக்கம் திரும்பினார்.

"அப்ப காக்கா, அந்த மரைக்கால் கொட்டியாச்சா?"

"ஓம்," என்றேன். "பதினஞ்சு."